குறையும் குற்றமும்

ஒரு மொழியை நன்கறிய விரும்புவார் அதன் பெருஞ்சொற்களை மட்டும் ஆராய்தல் போதாது. நாள்தோறும் நாவிற் பயிலும் சிறு சொற்களையும் நின்று நோக்குதல் வேண்டும். அத்தகைய சிறு சொற்களுள் ஒன்று, ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபால்ட்' என்பது. சிறு சொல்லே எனினும் அது சுமக்கும் பொருள்கள் பல. கண்ணாடியிற் காணும் கீறலும் அதுவே. கணக்கில் நேர்ந்த தவறும் அதுவே. ஒருவன் குணத்தில் உள்ள இழுக்கும் அதுவே. நேர்ந்த கேட்டிற்குப் பொறுப்பாளி யார் என்னும் பழியும் அதுவே. மின்கம்பி பழுதுற்று ஊர் இருண்டாலும் அச்சொல்லையே கூறுவர். டென்னிஸ் ஆட்டத்தில் முதலடி எல்லை தவறி விழுந்தாலும் அதனையே கூவுவர். பூமியின் பாறை பிளந்து ஒரு பக்கம் இடம் பெயர்ந்திருப்பதை நிலநூலார் குறிப்பதும் அச்சொல்லாலேயே. வேட்டைநாய் மோப்பத்தை இழந்து திகைத்து நிற்கும் நிலைக்கும் முற்காலத்தில் அதுவே பெயராயிற்று.

இத்துணைப் பொருள்களையும் ஒரு சொல்லால் வழங்கும் ஆங்கிலேயர் இடர்ப்படுவதில்லையோ எனின், இடமும் முன்பின் வரும் சொற்களும் அவர்க்குப் பொருளை ஒருவாறு வரையறுத்து விடுகின்றன. இடர்ப்படுவோர் அச்சொல்லைத் தமிழிற் பெயர்க்கப் புகும் யாமே. ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவன் அதற்கு நேராகக் 'குற்றம்' என்னும் ஒரு சொல்லைக் கைக்கொண்டு, எவ்விடத்தும் அதனையே பெய்கின்றான். செய்தித்தாளில் எழுதுவோரும் மேடையிற் பேசுவோரும் இவ்வழக்கிற்கு விலக்கல்லர். இஃது ஒரு சிறு மொழிபெயர்ப்புப் பிழை என்று தள்ளத்தக்கதன்று. குறையைக் குற்றமென்று பெயரிட்டு அழைப்பதனால் மாந்தர்க்குத் தீங்கு விளைகின்றது. அத்தீங்கினைத் தடுக்கும் கருவியும் நம் தமிழிலேயே உளது. இவ்விரண்டனையும் எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அவ்வாங்கிலச் சொல்லின் வரலாற்றை நோக்குவோம். ஏமாற்றுதல், தவறுதல் என்னும் பொருள்தரும் இலத்தீன வினையொன்றினின்று கிளைத்து, பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்துட் புகுந்தது அது. புகுந்த நாளில் அதன் முதன்மைப் பொருள் இன்மை, போதாமை என்பனவே. அதாவது, நாம் 'குறை' என்று கூறுவதே. அதன்பின் ஒரு பொருளின்கண் உள்ள ஊறு, ஒழுக்கத்தின்கண் உள்ள இழுக்கு, பிறர்மேற் சாற்றும் பழி என அதன் பொருள் படிப்படியாக விரிந்து சென்றது. இன்று அதன் எழுத்துக்கூட்டில் உள்ள லகரமும் முதலில் இல்லாததே. இலத்தீன மூலத்தை நினைவுறுத்த வேண்டிக் கற்றோர் பிற்காலத்தில் அவ்வெழுத்தைப் புகுத்தினர். புகுத்திய பின்னரும் நெடுங்காலம் அது நாவில் ஒலிக்கவில்லை. இவ்வரலாற்றில் எம் உள்ளத்தைத் தொட்டது ஒன்று. 'இல்லை' என்று இரங்கத்தொடங்கிய சொல், 'உன்னால்தான்' என்று சுட்டுவிரல் நீட்டுவதில் வந்து முடிந்துளது. மொழிக்கு நேர்ந்த இப்பெயர்ச்சி மாந்தர் உள்ளத்திற்கும் எளிதில் நேர்வதே.

இனித் தமிழின்பால் வருவோம். குறை, பிழை, தவறு, வழு, பழுது, ஊறு, இழுக்கு, மாசு, மறு, குற்றம், பழி என நமக்குள்ள சொற்கள் பல. நிகண்டு நூலார் இவற்றுட் பலவற்றை ஒருபொருட் கிளவிகளாக அடுக்கிச் சென்றனர் எனினும், உலக வழக்கை உற்று நோக்குவார்க்கு இவை வேறு வேறு என்பது புலனாகும். அவ்வேறுபாட்டைக் காட்டுவது பெயரன்று. அப்பெயரோடு இணங்கி வரும் வினையே. குறையை நாம் நிரப்புகின்றோம், அல்லது தீர்க்கின்றோம். பிழையைத் திருத்துகின்றோம், பிறர் செய்ததாயின் பொறுக்கின்றோம். பழுதைப் பார்க்கின்றோம். மாசைத் துடைக்கின்றோம். வழுவை இலக்கணிகள் களைகின்றனர், அன்றேல் அமைதி கூறி ஏற்கின்றனர். குற்றத்தையோ கடிகின்றோம், ஒறுக்கின்றோம். பழியைச் சுமத்துகின்றோம். ஆகவே, நேர்ந்த ஒன்றிற்கு இவற்றுள் எப்பெயரை இடுகின்றோமோ, அப்பெயரே அடுத்து யாம் செய்யவேண்டிய செயலையும் எம் கையில் தந்து விடுகின்றது. குறை என்றால் கை கொடுக்கத் தோன்றும். குற்றம் என்றால் கை ஓங்கத் தோன்றும்.

'குறை' என்னும் சொல்லின் பெருமையை இன்னும் சிறிது விரித்துக் கூற விழைகின்றோம். அகப்பொருள் நூல்களில் தலைவன் தோழியின்பாற் சென்று தன் விருப்பத்தைக் கூறி வேண்டி நிற்றலைக் குறையிரத்தல் என்பர். ஆண்டுக் குறை என்பது இழுக்கன்று, வேண்டுகோள். இக்காலத்தும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மனுப்பெறும் நாளை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்றே வழங்குகின்றனர். அங்குச் செல்லும் ஏழை உழவன் தன் இழுக்கைச் சொல்லச் செல்வதில்லை; தன் இன்மையைச் சொல்லச் செல்கின்றான். ஊனத்தையும் இன்மையையும் வேண்டுகோளையும் ஒரு சொல்லுள் அடக்கிய நம் முன்னோர், குறையுடையான் நம்மிடம் ஒன்றைக் கேட்கும் உரிமையுடையான் என்று கருதினர் போலும்.

இலக்கண நூலாரும் இவ்வகையில் நமக்கு ஆசிரியராவர். தொல்காப்பியத்தின் உரையாசிரியர்கள் மொழியிற் காணும் நிலைகளை வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாகப் பகுத்தனர். ஆவினைப் பேரன்பினால் அம்மை என்று அழைக்கின்றான் ஒருவன். அஃது அஃறிணையை உயர்திணையாக்கியமையின் வழுவே. எனினும் உவப்பினால் வந்ததாகலின், அதனை வழுவமைதி எனத் தழுவிக்கொண்டனர். நேர்ந்தது வழு என்பதை மறைத்தலும் இல்லை. வழுவினானை இகழ்தலும் இல்லை. இத்தகைய நடுவுநிலை சட்ட நூலார்க்கும் வேண்டற்பாலது.

மதுரைச் சங்கத்தில் தருமி கொணர்ந்த பாடலில் நக்கீரர் குற்றங் கண்ட வரலாற்றை அறியாதார் இலர். அவர் கண்டது பாட்டின் குற்றம், அதனுள்ளும் பொருட்குற்றம். பொற்கிழி பெறும் வேட்கையோடு வந்த ஏழைத் தருமியை அவர் குற்றவாளி என்றாரல்லர். செய்யுளையும் செய்யுள் கொணர்ந்தானையும் வேறுபடுத்தி நோக்கிய அக்கூர்மையை நாம் பெரிதும் பாராட்ட வேண்டும்.

ஆங்கிலத்தில் ஒருவனது வள்ளன்மையைப் புகழுங்கால், அது குறை எனத்தக்க அளவிற்கு மிகுந்தது என்னும் கருத்துப்பட இதே சொல்லைச் சேர்த்துரைப்பதும் உண்டு. அதற்கு நிகராவது நம் புலவர் ஆண்ட கொடைமடம் என்னும் அரிய சொல். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் பழனிமலைப் பக்கத்து வள்ளல். கம்பம் பள்ளத்தாக்கிற்கு அம்மலைத்தொடர் அண்டையது. மயில் போர்வையை உடுத்துமோ என்று எண்ணாது அளித்தமை மடமையே. ஆனால் அம்மடமையைக் குற்றம் என்னாது, கொடை என்னும் சொல்லோடு பிணைத்துப் பேரணியாக்கினர் சான்றோர். சொற்களைத் தேர்ந்திடும் இத்திறம் நம் முன்னோர்க்கு இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இவ்வளவும் ஏட்டுக் கல்வியன்றோ, வாழ்க்கைக்கு இவற்றால் ஆவதென்னை என வினவுவார் உளராயின், அவரைத் தேனி மாவட்டத்து வருசநாட்டிற்கும் கம்பம் பள்ளத்தாக்கிற்கும் அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். ஓர் ஆறு, ஓர் அணை, ஒரு மக்கட்குழு என மூன்று சான்றுகளை ஆண்டுக் காணலாம்.

வையை எனப் பண்டைப் புலவராற் பாடப்பெற்ற வைகையாறு வருசநாட்டு மலையிற் பிறக்கின்றது. வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு என்னும் ஊர்களின் வழியே ஓடிவரும் அதனை அந்நாட்டார் மூலவைகை என்பர். தேனிக்கு அண்மையில் முல்லையாற்றோடு கூடி, 1959ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வைகை அணையை அடைந்து, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என்னும் சீமைகளை நோக்கிச் செல்கின்றது. ஆயினும் கோடையில் மூலவைகையைக் காணச் செல்வார் காண்பது பெரும்பாலும் மணலே. மழைநாளிற் பெருகி வருவதும், மழை நின்ற சின்னாளில் வற்றுவதும் அதன் இயல்பாகி விட்டன. மலைக்காடு அடர்ந்திருப்பின் பெய்த நீர் வேரிலும் மண்ணிலும் தங்கிச் சிறிது சிறிதாகக் கசியும். காடு மெலியின் நீர் வந்த வேகத்திலேயே ஓடிவிடும். மண்ணும் உடன் போகும். மலைச்சரிவுகளிற் காடு திருத்தி இலவம் முதலிய பயிரிட்டு வாழும் குடிகள் பல உள. அவர்களுக்கும் வனத்துறைக்கும் நெடுநாளாக வழக்குண்டு. 2021ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைக்கப்பெற்ற பின்னர் அக்குடிகளின் அச்சம் மிகுந்துளது.

இங்கு எழும் வினா, 'ஆறு வற்றியது யார் குற்றம்?' என்பதே. கீழ்நாட்டிற் குடிநீருக்கு வருந்துவோர் மலைமேல் உள்ளாரைச் சுட்டுகின்றனர். மலைமேல் உள்ளார், தம் பாட்டன் காலத்தில் மரம் வெட்டிச் சென்ற பெருவணிகரைச் சுட்டுகின்றனர். இருசாராரும் ஆள்வோரைச் சுட்டுகின்றனர். சுட்டுவிரல்கள் பெருகப் பெருக ஆற்றில் நீர் பெருகியதாகத் தெரியவில்லை. வினாவைச் சிறிது மாற்றி, 'ஆற்றிற்கு என்ன குறை?' என்று கேட்போமாயின், விடைகள் செயல்களாக மாறுகின்றன. சரிவிற் காடு குறை. அதனை வளர்க்க வேண்டும். மண்ணிற் பிடிப்புக் குறை. தடுப்பணையும் கல்வரப்பும் வேண்டும். மலைக்குடிகட்கு வேறு வாழ்வு குறை. மாற்றுநிலமும் தொழிலும் காட்டாது வெளியேறுக எனல் முறையன்று. தலைமுறைகளாக அம்மலையில் வாழும் பளியர்க்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அளித்த உரிமையை முழுதும் நிறைவேற்றுதலும் இதன்பாற் படும். பெரும்பொருள் ஈட்ட மரங்கடத்துவான் செய்வது குற்றமே. அவனை ஒறுத்தலும் கடனே. ஆனால் இரண்டு ஏக்கரில் இலவம் நட்டுக் கஞ்சி குடிப்பானையும் அவனோடு ஒரு சொல்லாற் கட்டி நிறுத்துதல் நீதியாகாது என்பது எம் கருத்து.

இரண்டாவது சான்று முல்லைப் பெரியாற்று அணை. மேற்கே ஓடிக் கடலிற் கலக்கும் பெரியாற்று நீரை மலை குடைந்து கிழக்கே திருப்பிக் கம்பம் பள்ளத்தாக்கிற்குத் தந்தது அவ்வணை. 1886ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசோடு செய்த 999 ஆண்டு உடன்படிக்கையின்படி, பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1895ஆம் ஆண்டில் அது முடிவுற்றது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து எழுப்பிய அதன் உறுதியைப் பற்றி 1979ஆம் ஆண்டில் ஐயம் எழவே, நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பெற்றது. 2011ஆம் ஆண்டில் இடுக்கிப் பகுதியில் சிறு நிலநடுக்கங்கள் நேர்ந்தபோது அச்சமும் சினமும் ஒருங்கே மூண்டன. அவ்வாண்டு இறுதியில் கம்பத்திற்கும் குமுளிக்கும் இடையே போக்குவரத்து நின்றது. இரு நாட்டு மக்களும் தெருவில் இறங்கினர்.

அந்நாட்களில் ஆங்கிலத் தாள்களில் மேற்சொன்ன ஒரு சொல்லே மூன்று பொருளில் வழங்கத் தகுவதாயிற்று. நிலத்தடியிற் பிளவு உளதா, அஃது அசையுமா என்பது நிலநூலார் விடையிறுக்க வேண்டிய வினா. அணைச்சுவரிற் பழுது உளதா என்பது பொறியாளர் விடையிறுக்க வேண்டிய வினா. கேடு நேரின் பழி யார்மேல் என்பது மூன்றாவது. முதலிரண்டு வினாக்களுக்கும் அளவுகோலும் ஆய்வும் உண்டு. மூன்றாவதற்குக் கூச்சலே மிகுதி. மூன்றும் தம்முள் மயங்கிய அளவில், கூச்சல் ஆய்வை விழுங்கிவிட்டது. அணையிற் பழுது உண்டோ என அஞ்சி வினவிய மலையாள அன்பரை நம்மவர் பகைவர் என்றனர். வயலுக்கு நீர் வேண்டும் என்ற நம் உழவரை அவருட் சிலர் பிறருயிர்க்கு இரங்காதார் என்றனர். தம் குழந்தைகளின் உயிர்க்கு அஞ்சுதலும் குற்றமன்று. தம் நெல்லுக்கு நீர் கேட்டலும் குற்றமன்று. இரண்டும் குறைகளே, இரண்டும் தீர்க்கத்தக்கனவே.

இவ்வழக்கில் உண்மையாகப் பயன் தந்தவை எவை? 1979ஆம் ஆண்டிற்குப் பின் அணையின் தலைமேற் கான்கிரீட்டுக் கவசம் இட்டதும், எஃகு வடங்களால் அடிப்பாறையோடு பிணித்ததும், பின்புறத்தே தாங்குசுவர் எழுப்பியதும் ஆகிய பழுதுபார்க்கும் வேலைகளே. உச்ச நீதிமன்றம் நிறுவிய வல்லுநர் குழு அணையின் உறுதியை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. 142 அடிவரை நீரைத் தேக்கலாம் என்று 2014ஆம் ஆண்டு மே மாதம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழி கூறிய நாவுகளால் அணை ஓர் அங்குலமும் உறுதி பெறவில்லை. பழுது பார்த்த கைகளாலேயே பெற்றது. பாறைப்பிளவைத் தமிழில் பிளவு என்றே கூறுதல் நன்று. அச்சொல் உள்ளதை உள்ளவாறு கூறுகின்றது. மலைக்கு மனமில்லை, மனமில்லாததற்குக் குற்றமும் இல்லை.

மூன்றாவது சான்று மிகவும் துயரமானது. ஆங்கில ஆட்சியார் 1871ஆம் ஆண்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் ஒன்றை வட இந்தியாவில் இயற்றினர். 1911ஆம் ஆண்டில் அது விரிவாக்கப்பெற்றுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. இங்குப் பல சாதியார்மேல் ஏவப்பெற்ற அச்சட்டத்திற்கு மதுரைச் சீமையிற் பெரிதும் ஆளானவர் பிரமலைக் கள்ளர். கம்பம் பள்ளத்தாக்கிலும் அவர்தம் ஊர்கள் உள. அச்சாதியிற் பிறந்த ஆண்மக்கள், திருடியவராயினும் திருடாதவராயினும், கைரேகை பதித்தல் வேண்டும். இரவிற் காவல் நிலையத்திலோ குறித்த இடத்திலோ சென்று கிடத்தல் வேண்டும். வெளியூர் செல்லச் சீட்டுப் பெறுதல் வேண்டும். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில், கைரேகை பதிக்க மறுத்த மக்கள்மேற் காவற்படை துப்பாக்கியால் சுட்டது. மாயக்காள் என்னும் பெண்மணியும் அன்று மாண்டார். மாண்டவர் நினைவை அவ்வூர் இன்றும் போற்றுகின்றது.

இச்சட்டத்தின் பெயரையே நோக்குமின். குற்றம் என்பது ஒருவன் அறிந்து செய்யும் செயல். பரம்பரை என்பது ஒருவன் அறியாது பெறும் பிறப்பு. இவ்விரண்டனையும் ஒரு தொடராகப் புணர்த்தது இலக்கண முறையிற் பொருந்தலாம்; அறமுறையிற் பொருந்தாது. அம்மக்களுட் சிலர் களவு செய்தனர் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் அவர்தம் நாட்டின் குறையை எண்ணியவர் எத்துணையர்? பெரியாற்று நீர் மதுரையின் தாழ்நிலங்களைப் பசுமையாக்கிய காலத்தும் உசிலம்பட்டியின் மேட்டுநிலத்திற்கு அந்நீர் ஏறவில்லை. வானம் பார்த்த பூமியில் விளைச்சல் குறை. விளைச்சல் குறையவே உணவு குறை. முன்னாளிற் காவற்றொழிலால் வந்த வருவாயும் புதிய ஆட்சியிற் குறைந்தது. இக்குறைகளை நிரப்பவேண்டிய அரசு, குறையுற்றார் அனைவரையும் குற்றவாளிகளாக எழுதி ஏட்டிற் பதித்துக்கொண்டது. ஒரு சொல் மற்றொரு சொல்லின் இருக்கையில் ஏறியமர்ந்ததன் பயன், ஒரு தலைமுறையன்று, பல தலைமுறைகள் இரவில் தம் வீட்டில் உறங்கும் உரிமையை இழந்தன.

இவ்வநீதியை எதிர்த்து வழக்காடியவருள் ஒருவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்துச் செங்கன்னூரிற் பிறந்து மதுரையில் தொழில் நடாத்திய கிறித்தவர் அவர். கள்ளர் நாட்டார் அவரை ரோசாப்பூத் துரை என்று அன்போடு அழைத்தனர். அவர் 1938ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் காணாத விடுதலை 1947ஆம் ஆண்டில் வந்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பெற்றது. 1952ஆம் ஆண்டில் நாடு முழுதும் நீங்கியது. சட்டம் நீங்கினும் சொல் நீங்கிற்றோ? ஊரில் ஒரு பொருள் காணாமற்போயின், ஆராயுமுன் இன்ன தெருவினர் என்று கூறும் நா இன்றும் நம்மிடையே உண்டு. அந்நாவிற்கு எச்சட்டம் விலங்கிடும்?

இவ்வூர்களுக்கு மேலே, கூடலூரை அடுத்த மலைமுகட்டில், கண்ணகி கோயில் ஒன்று உளது. ஆண்டுதோறும் சித்திரை முழுமதி நாளில் தமிழரும் மலையாளரும் அங்குத் திரள்கின்றனர். கண்ணகியின் வரலாறு முழுதும் குற்றம் என்னும் சொல் தவறான இடத்தில் விழுந்ததன் வரலாறே. கையிற் சிலம்பு வைத்திருந்தமை ஒன்றையே சான்றாகக் கொண்டு, அயலூரான் ஒருவனைக் கள்வன் என்றான் உண்மைக் கள்வனாகிய பொற்கொல்லன். ஆராயாது ஆணையிட்டான் அரசன். சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது, பழியைப் பொற்கொல்லன்மேற் சாற்றித் தப்ப முயலாது தன்மேலேயே ஏற்று உயிர் நீத்தான் பாண்டியன். ஏவலர் தவறு, அமைச்சர் தவறு என்று கூறும் இக்கால வழக்கோடு ஒப்பிடுங்கால் அவன் நம் வணக்கத்திற்குரியவனே. ஆயினும் ஆராய்ச்சி முன்னும் ஆணை பின்னும் வந்திருப்பின் கோவலனும் இருந்திருப்பான், மதுரையும் எரிந்திராது.

இவ்வாறு கூறுதலால், தமிழர் அனைவரும் சொற்களைச் செம்மையாக ஆள்வர், பிழையெல்லாம் ஆங்கிலத்தின்பாலது என்று யாம் கருதுவதாகக் கொள்ளற்க. அங்ஙனம் கூறின் அதுவும் பழிசுமத்தலே ஆகும். பிறவியிலேயே கண்ணிழந்த குழந்தையைக் கண்டு, முன்வினையோ பெற்றோர் பாவமோ என்று பேசும் வழக்கம் நம் சிற்றூர்களில் இன்றும் உண்டு. இவ்வினா பாலத்தீன நாட்டிலும் எழுந்தது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், பாவஞ் செய்தவன் இவனோ இவனைப் பெற்றவரோ என்று தம் ஆசிரியரை வினவியதாக யோவான் எழுதிய நற்செய்தி கூறுகின்றது. இருவருமல்லர் என்றார் இயேசு பெருமான். பின் விவாதத்தை நீட்டாது அவன் கண்களுக்கு வேண்டியதைச் செய்தார். சீடர் கேட்டது குற்றம். ஆசிரியர் கண்டது குறை. சமயம் எதுவாயினும் இவ்வேறுபாட்டை ஏற்பதில் எவர்க்கும் தடையிராது என நம்புகின்றோம்.

இனி, எல்லாவற்றையும் குறை என்று கூறி மழுப்பின் குற்றவாளி தப்புவானன்றோ என்பார்க்கும் விடை கூறுதல் வேண்டும். அவர் அச்சம் தகுதியுடையதே. ஏழையின் களவைக் குற்றம் என்றும், செல்வன் செய்த பெருங்கேட்டைத் தவறு என்றும் பெயரிடும் நயவஞ்சகம் நாட்டில் உண்டு. கலப்படம் செய்து உயிரைப் போக்கினானைக் கவனக்குறைவினன் என்று கூறுதல் சொல்லுக்குச் செய்யும் கொடுமை. இறந்தார்க்குச் செய்யும் கொடுமையும் ஆம். அறிந்தும் தன்னலத்தின் பொருட்டுப் பிறர்க்குத் தீங்கு செய்தானாயின், அது குற்றமே. அவன் குலமும் செல்வமும் நோக்காது அவ்வாறே கூறுக. அறியாது செய்தானாயின் பிழை, திருத்துக. பொருளோ பொறியோ கெட்டதாயின் பழுது; பார்க்க. இல்லாமையால் வந்ததாயின் குறை, நிரப்புக. சொற்களை வேறுபடுத்துக என்று யாம் வேண்டுவது குற்றவாளியைக் காப்பதற்கன்று. எல்லார்மேலும் வீசப்படும் சொல் எவர்மேலும் தைப்பதில்லை. குற்றம் என்னும் சொல் கூர்மை இழவாதிருக்க வேண்டுமாயின் அதனை உரிய இடத்திற்கே ஆளுதல் வேண்டும்.

ஆதலின் தமிழ் கற்கும் எம் போன்ற மாணவர்க்கு ஒரு கடமை உண்டென்று துணிகின்றோம். ஆங்கிலச் சொல்லொன்று பல பொருளோடு நம் வாயிலில் வந்து நிற்குங்கால், ஒரே தமிழ்ச் சொல்லால் அதனை எதிர்கொண்டு அனுப்பிவிடாது, நீ இங்கு எப்பொருளில் வந்தாய் என்று வினவி, அதற்குரிய சொல்லைத் தேர்தல் வேண்டும். இருமொழி அகராதி இயற்றுவோர் பொருள்களை வரிசையாக அடுக்குவதோடு அமையாது, ஒவ்வொன்றிற்கும் இணங்கும் வினையையும் எடுத்துக்காட்டுவாராயின் மாணவர்க்குப் பேருதவியாகும். செய்தி எழுதுவோர், வழக்கு முடியுமுன் ஒருவனைக் குற்றவாளி என்னாது குற்றஞ்சாட்டப்பெற்றவன் என்னும் நெறியை வழுவாது காத்தல் வேண்டும். அந்நீண்ட தொடரை எழுதச் சோம்புவார், அதன் நீளத்தில் ஒருவன் மானம் தங்கியுளது என்பதை நினைவிற் கொள்க.

வள்ளுவர் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தை அரசியலில் வைத்தார். ஆண்டு அவர் கடியச் சொன்னது குடிமக்களின் குற்றத்தையன்று, ஆள்வோன் தன்னிடத்துள்ள குற்றத்தையே என்பது சிந்திக்கத்தக்கது. பிறரை நோக்குங்கால் முதலிற் குறையைக் காண்போம். தம்மை நோக்குங்கால் முதலிற் குற்றத்தைக் கடிவோம். இவ்விரண்டும் இடம் மாறாதிருப்பின் நாட்டில் வழக்குகள் பாதி குறையும். வருசநாட்டு மலையிற் காடு தழைத்து மூலவைகையிற் கோடையிலும் நீர் ஓடுவதற்கு வேண்டியவை மண்வெட்டியும் மரக்கன்றும் பொறுமையும் ஆகும். அவற்றை எடுக்கும் கைகள், ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டிருக்கும் கைகளினின்றே வருதல் வேண்டும் அன்றோ?